கச்சான் காற்றில் ஒரு வாடகைச் சைக்கிள்

எனக்கும் பஸ்ஸுக்கும் ஆகாது. ஏறி உட்கார்ந்து பெட்ரோல் வாடை மூக்கில் பட்டதுமே வயிறு புரளத் தொடங்கிவிடும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போவதற்கே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிற ஆசாமி நான். ஆகவே மட்டக்களப்பில் ரயிலை விட்டு இறங்கியதும், கல்முனைக்கு இனி பஸ்தான் என்று போர்ட்டர் சொன்னதும், பஸ் நிற்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் கடையைத் தேடிப் போனேன்.

கடைக்காரர் என்னையும் என் தகரப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்முனைக்கா? இருவத்தஞ்சு மைல் இரிக்குது தம்பி. கச்சான் வேற அடிக்குது. பஸ்ஸில போங்களன்."

"பஸ் எனக்கு ஒத்துக்காது."

"கச்சான் ஒத்துக்குமா?" என்றார்.

கச்சான் என்பது காற்று என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ தின்பண்டம் என்று நினைத்து, "ஒத்துக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் சீட்டு இடது பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு முன்னால் அதை வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லாரும் இடது பக்கம் கனத்தவர்கள் போலும். தகரப் பெட்டியை அவரிடமே விட்டுவிட்டு, ஒரு கைலி, ஒரு சட்டை, ஒரு துண்டு இவற்றை மட்டும் காரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தா, அதாவது தகப்பனார், ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ஊரில் ஒருவர் விடாமல் பார்த்து, "என் மேல ஏதும் குறை இருந்தா பொருந்திக்குங்க" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். அத்தா இரண்டு மாதமாக அதே வேலையாக அலைந்தார். எங்கள் மளிகைக் கடைக்குப் பத்து வருஷம் முன்னால் வந்துபோன ஒரு வண்டிக்காரரைக்கூடத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒருவர். அவருடைய சொந்தத் தம்பி, என் சின்னத்தா முகம்மது கனி.

சின்னத்தா வாலிபத்தில் அரிசி ஆலையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு சைக்கிள் வாங்கினார். பிறகு அவர் தரையில் நடந்ததை யாரும் பார்த்ததில்லை. கடையைத் திறக்கச் சொன்னால் சைக்கிளில் சுவாமிமலை வரை போய்விட்டு மத்தியானம் வந்து திறப்பார். ஒரு சந்தை நாளில் அத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. நாலு பேர் பார்க்கத் தம்பியைக் கன்னத்தில் அறைந்து, சைக்கிளைத் தூக்கிப் பாலத்திலிருந்து அரசலாற்றில் எறிந்துவிட்டார். அன்றைக்கே சின்னத்தா ஊரைவிட்டுப் போனவர்தான். எனக்கு அப்போது எட்டு வயது. பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

இலங்கைக்குத் துணி வியாபாரம் செய்யப் போய் வந்த ஒருவர், கனி கல்முனைப் பக்கத்தில் இருக்கிறார் என்றார். அத்தா இரண்டு கடிதம் போட்டார். பதில் இல்லை. "அவன் பொருந்திக்கிட்டான்னு சேதி வந்தாத்தான் நான் பம்பாய்க்கு ரயில் ஏறுவேன். வரலேன்னா சீட்டைத் திருப்பிக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். ரயில் வியாழக்கிழமை இரவு. அத்தாவுக்கு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது, போதாததற்கு மூச்சிரைப்பு. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் நான் கிளம்பினேன்.

கடைக்காரரின் கச்சானை ஐந்தாவது மைலில் சந்தித்தேன். மேற்கும் தெற்குமாக நிலத்தின் மேலிருந்து வருகிற காற்று அது. அடுப்பு வாயில் முகத்தை வைத்ததுபோல் சுடும். வலது பக்கம் உப்பங்கழி, இடது பக்கம் தென்னையும் அதற்கப்பால் கடலும். நடுவே நான், முகத்தில் மணலை வாங்கிக்கொண்டு. எங்கள் ஊரில் ஆடி மாதக் காற்றுக்கு ஒரு மரியாதை உண்டு, மதியத்தில் சற்று ஓய்ந்து கொடுக்கும். இதற்கு அந்தப் பழக்கம் கிடையாது. கல்லாற்றுப் பாலத்தில் என்னால் மிதிக்கவே முடியவில்லை. இறங்கித் தள்ளினேன். எதிரே வந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை எனக்குக் கை காட்டியது. அது வாந்தி எடுக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

மருதமுனைக்குள் நுழைந்தபோது சாயங்காலமாகிவிட்டது. தெரு இரண்டு பக்கமும் தறிச் சத்தம். ஒரு வீட்டு வாசலில் சாயம் போட்ட நூலைக் காய வைத்துக்கொண்டிருந்தவரிடம் தண்ணீர் கேட்டேன். அவர் தண்ணீர் கொடுக்கவில்லை. "தண்ணிய மட்டும் குடிச்சிட்டுப் போனா எங்களுக்கு என்ன மரியாத?" என்று உட்கார வைத்து, பிட்டும், தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணமும் வைத்தார். எங்கள் வீட்டிலும் குழம்பை ஆணம் என்றுதான் சொல்வோம். கடல் தாண்டி வந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் இரண்டு பிடி கூடுதலாக இறங்கியது. அன்று கல்முனைப் பள்ளிவாசல் மண்டபத்தில் படுத்தேன். தொடைகள் இரண்டும் வேறு யாருடையவோ போல் இருந்தன.

திங்கட்கிழமை காலை கல்முனைத் தேநீர்க் கடையில் விசாரணையைத் தொடங்கினேன்.

"இங்கே முகம்மது கனி என்கிறவருடைய வீடு எது?"

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆம்பிளைக்கு ஏது தம்பி வீடு?"

கடையில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே கட்டிக் குடுக்கிற. ஆம்பிள கலியாணம் முடிச்சா பொண்டாட்டிட வீட்டுக்குப் போயிருவான். ஒங்கட ஆள் முடிச்ச பொம்புளட பேரச் சொல்லுங்க, காட்டித் தாறன்."

"அது எனக்குத் தெரியாதே."

"அப்ப கஷ்டம்தான்" என்று மறுபடி ஆற்றத் தொடங்கிவிட்டார்.

அத்தா இரண்டு கடிதத்திலும் எழுதிய விலாசம் என் கண்முன் வந்து நின்றது. 'ஜனாப் முகம்மது கனி அவர்கள், சொந்த வீடு, கல்முனை.' தம்பி சொந்த வீட்டில் இருக்கவேண்டும் என்ற ஆசையில் அத்தா எழுதிய விலாசம் அது. அந்த ஊரில் எந்த ஆம்பிளைக்கும் இல்லாத ஒரு வீட்டைத் தபால்காரர் எங்கே போய்த் தேடுவார்! கோபத்தால் பதில் போடவில்லை என்றுதான் இத்தனை நாளும் நாங்கள் நினைத்திருந்தோம். எனக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

மூலையில் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்.

"இந்தியாவில இருந்து வந்த மனிசனா?"

"ஆமாம்."

"சாய்ந்தமருதுல ஒராள் இரிக்கார். நடை விதானை எண்டு சொல்லுவாங்க. சாகாமத்து வயல்வட்டையில தண்ணி பாய்ச்சிற பொறுப்பு. மத்த விதானைமாரெல்லாம் சைக்கிள்ல போவாங்க. இவர் மட்டும் எத்தின மைல் எண்டாலும் நடதான். சைக்கிளக் கண்டா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போவாரு. ஏறச் சொன்னாக் கோவம் வரும்."

எனக்கு அதற்கு மேல் அடையாளம் தேவைப்படவில்லை.

சாய்ந்தமருது பக்கம்தான். அவர் மனைவி பேர் ஆசியா உம்மா என்று கடையிலேயே கேட்டுக்கொண்டேன். ஆசியா உம்மா வீடு என்று கேட்டதும் மூன்றாவது ஆளே காட்டிவிட்டார். வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு பெண்குரல் என்னை யார் என்று கேட்டது. கனியின் அண்ணன் மகன் என்றேன். கதவு முழுதாகத் திறந்தது.

"அல்லாவே, நம்மட புள்ளயா! உள்ளுக்கு வாங்க மகன். வெயில்ல நிக்கிறயா?"

சாச்சிக்கு, அதாவது சின்னத்தாவின் மனைவிக்கு, பருத்த உடம்பு, வெளுத்த சிரிப்பு. இரண்டு பெண் பிள்ளைகள் கதவிடுக்கில் நின்று என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தன. எனக்கு இத்தனை உறவு இங்கே இருந்தது என்று தெரியாமலே இருபத்தாறு வயது வரை வளர்ந்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது. சோறும், பாரைமீன் ஆணமும், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரும் வந்தன. தயிரில் கருப்பட்டிப் பாணி ஊற்றிச் சாப்பிடச் சொன்னார். எங்கள் ஊரில் தயிருக்கு உப்புத்தான். முதலில் முகம் சுளித்தேன், அப்புறம் சட்டியின் அடி தெரிந்தது.

"அவர் வட்டைக்குப் போய் பதினஞ்சு நாள் மகன். வெள்ளாம வெட்டியாச்சு, இப்ப சூடு மிதிக்கிறாங்க. பொலி வீட்டுக்கு வாற வரைக்கும் இஞ்சால தலை காட்ட மாட்டாரு."

வெட்டிய கதிரைக் களத்தில் எருமை விட்டு மிதிக்க வைப்பதைத்தான் சூடு மிதிப்பது என்கிறார்கள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சாச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் ஒரு நாளும் அண்ணன ஏசினதில்ல மகன். ஆனா அந்தக் கதையத் தொடவும் விடமாட்டார். நீங்க போய்க் கதைங்க. ஒண்டு சொல்றன், களத்துக்க ஏறக்குள்ள செருப்பக் கழட்டுங்க, நாக்கையும் கட்டிக்குங்க. அங்க கதைக்கிற வேற மாதிரி."

சரி சரி என்று தலையாட்டினேன். அவர் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தில்தான் என் கவனம் இருந்தது. நாக்கு பற்றிய விஷயத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன்.

காரைதீவில் முள் குத்தி டயர் காற்றுப் போயிற்று. கோவில் கடந்ததும் ஒரு வளவுக்குள் வைக்கோல் வண்டி பூட்டிக்கொண்டிருந்தவர் என் நிலைமையைப் பார்த்து மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தார். வேலை கெடுகிறதே என்றேன். "வைக்கல் எங்கயும் ஓடிப் போகாது. நீங்க இருங்கோ" என்று ரப்பர்த் துண்டும் பசையும் எடுத்து வந்து ஒட்டிக் கொடுத்தார். யாருடைய களத்துக்கு என்று கேட்டார். நடை விதானை என்றதும் முகம் மலர்ந்தது. "எங்கட வயலுக்கும் அவர்தான் தண்ணி விடுற. கடைசி வரம்பு மட்டும் நடந்து பாத்துட்டுத்தான் மதகு மூடுவார். நல்ல மனிசன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுவாமிமலைக்குச் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த சின்னத்தாவா இது என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

அன்று நிந்தவூரில் தங்கினேன். படுக்க இடம் கொடுத்த கடைக்காரர், "நீங்க என்ன குடி?" என்று கேட்டார். தாய் வழியாக வருகிற குடிப் பெயர் எல்லாருக்கும் உண்டாம், கலியாணத்துக்கும் பள்ளிவாசலுக்கும் அதுதான் கணக்காம். எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் கிடையாது என்றேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, இன்னொரு ரொட்டி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அக்கரைப்பற்றைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் திரும்பினேன். அதுவரை பக்கவாட்டில் அறைந்த கச்சான் இப்போது நேருக்கு நேர் வந்தது. எட்டு மைல் செம்மண் பாதை. அறுத்த வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பொன்னாய்க் கிடந்தன. தஞ்சாவூர்க்காரனுக்கு வயலைக் காட்டி அசத்த முடியாது என்று இறுமாப்போடு வந்தவன் நான். ஆனால் இந்த வெளியில் ஊர் இல்லை, கோபுரம் இல்லை. அங்கங்கே யானைக் காவலுக்கு மரத்தின் மேல் கட்டிய பரண்கள், மேற்கே நீலமாய் மலை. மனசு விரிந்து போயிற்று. பாதை நடுவில் ஆவி பறக்கிற யானைச் சாணத்தைப் பார்த்ததும் அது மறுபடி சுருங்கிற்று. அந்த இடத்தில் மட்டும் காற்றை மீறி மிதித்தேன்.

மூன்று மணி சுமாருக்குக் களத்தைக் கண்டேன். வட்டமாய்ச் சாணம் மெழுகிய தரை. எருமைகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வைக்கோலை உதறி எடுத்தது போக, பதரும் நெல்லும் கலந்து நடுவில் குவிந்திருந்தது. பக்கத்தில் முக்காலிபோல் உயரமாய்க் கட்டிய ஒரு கம்புச் சட்டம். அதன் மேல் நின்று காற்றில் தூற்றுவார்களாம். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில் அத்தாவின் மூக்கோடு ஒருவர்.

மூன்று நாள் மனசில் அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. செருப்போடு, சைக்கிளோடு, குவியலுக்குப் பக்கம் வரைக்கும் போய்விட்டேன்.

"சின்னத்தா! அத்தா ஹஜ்ஜுக்குப் போறாங்க! நீங்க மன்னிக்கலேன்னா போகமாட்டேங்கிறாங்க! வேற வழியே இல்லை!"

களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என் மேல் தேள் விழுந்ததுபோல் பதறினார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். தலை நரைத்த ஆதம்பாவா என்பவர், வேலையாட்களுக்குப் பெரியவர், ஓடி வந்து என் வாயைத் தன் கையாலேயே மூடிவிட்டார்.

சின்னத்தா முதலில் பார்த்தது சைக்கிளை. அப்புறம்தான் என் முகத்தை. நான் யார் என்று தெரிந்துவிட்டது. கண் ஒரு கணம் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"செருப்பக் கழட்டு. சைக்கிள வேலிக்கு அங்கால வை. பொலி கிடக்கக்குள்ள வழக்குக் கதைக்கப்படாது. குறை சொல்லப்படாது. வந்த விசயம் பொலி எழும்பின புறகு."

அப்போதுதான் எனக்கு விவரம் தெரிந்தது. தூற்றி அளந்து மூட்டை கட்டும் வரை அந்தக் குவியல் பொலி. நெல் என்று வாயால் சொல்லக்கூடாது. 'இல்லை', 'போகாது', 'முடிஞ்சுது' ஒன்றும் கூடாது. மண்வெட்டிக்கும் எருமைக்கும்கூடக் களத்துக்கென்று வேறு பேர் வைத்திருக்கிறார்கள். பழைய சண்டையை அங்கே அவிழ்த்தால் விளைச்சலின் பரக்கத், அதன் அபிவிருத்தி, போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் ஒரே மூச்சில் எல்லாத் தப்பையும் செய்திருந்தேன். ஆதம்பாவா குவியலுக்கு மேல் ஒரு பிடி சாம்பலைத் தூவி, பாத்திஹா ஓதி என் தப்பைச் சரிக்கட்டினார்.

"சரி, தூத்துங்களேன். நானும் கை கொடுக்கிறேன்" என்றேன், தாழ்ந்த குரலில்.

ஆதம்பாவா ஆகாயத்தைக் காட்டினார். மூன்று நாளாய் என்னைப் பிடித்து உலுக்கிய கச்சான் நின்றுபோயிருந்தது. ஒரு இலை அசையவில்லை.

காற்று வராமல் தூற்ற முடியாது. தூற்றாமல் பொலி எழும்பாது. பொலி எழும்பாமல் பேச முடியாது. எல்லாரும் வாடி என்கிற களத்துக் குடிசையின் நிழலில் குந்தி வெற்றிலை போட்டார்கள். சின்னத்தா எனக்குச் சுங்கான் மீன் சுட்டு, சோற்றோடு வைத்தார். அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று கேட்டார். கும்பகோணத்தில் வெற்றிலை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டார். அத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது களத்தின் வழக்கமா, கோபத்துக்கு அந்த வழக்கம் ஒரு சாக்கா என்று எனக்குப் பிடிபடவில்லை. பயமாகவும் இருந்தது.

புதன்கிழமை விடிந்தும் காற்று இல்லை. எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. அக்கரைப்பற்றுத் தபால் ஆபீஸ், இங்கே கந்தோர் என்பார்கள், ஐந்து மணிக்குச் சாத்திவிடும். இன்று தந்தி போனால்தான் நாளை அத்தா கையில் கிடைக்கும். ஐம்பது மைல் முழுக்கத் திட்டித் தீர்த்த அதே காற்றுக்காக நான் துண்டை விரித்து இரண்டு ரக்அத் தொழுது கையேந்தினேன். இதைப் பார்த்து ஆதம்பாவா சின்னத்தாவிடம், "ஒங்கட மகன் நம்மட ஆளாயிட்டாரு" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு மருதமரத்தின் உச்சியில் ஓர் இலை திரும்பியது. பிறகு இன்னொன்று. ஆதம்பாவா "பொலி! பொலி!" என்று கூவிக்கொண்டு எழுந்தார். காற்று வந்தது. அதே வெக்கை, அதே மணல். எனக்கு அது தேனாக இருந்தது. ஒருவர் சட்டத்தின் மேல் ஏறிச் சுளகால் கொட்ட, பதர் பறந்து போய்த் தள்ளி விழுந்தது, நெல் நேரே கீழே பெய்தது. நான் கூட்டினேன், சுமந்தேன், உடம்பெல்லாம் சுணை. அரிப்பு தாங்காமல் "போதும்" என்று சொல்ல வாயெடுத்து, ஆதம்பாவாவின் கண்ணைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்குக் கடைசி மூட்டையின் வாயைக் கட்டினார்கள். சின்னத்தா வாய்க்காலில் இறங்கிக் குளித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு களத்தைத் தாண்டி, வேலிக்கு அப்பால், என் சைக்கிள் சாய்ந்திருந்த மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு மகன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், விலாசம், மூச்சிரைப்பு, நாளைய ரயில். அவர் தரையில் ஒரு குச்சியால் கீறிக்கொண்டே கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த சைக்கிள்? ஆத்தோட போயிட்டா?"

"இல்ல சின்னத்தா. நீங்க போன மறுநாள் காலையிலேயே அத்தா ஆத்துல இறங்கிட்டாங்க. யாரையும் விடல. கழுத்து மட்டும் தண்ணியில நின்னு தடவித் தடவி அவங்களே எடுத்தாங்க. அதோட வந்த சளிதான், மூச்சிரைப்பா நின்னுபோச்சு. இப்பவும் கடைக்குப் பின்னால தொங்குது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணெய் போடுவாங்க. யாராச்சும் விலைக்குக் கேட்டா, 'கனி வந்து கேப்பான்'னு சொல்லுவாங்க. நான் சைக்கிள் பழகினதே அதுலதான். அத்தாதான் சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தாங்க."

சின்னத்தா அழுதார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை, திருப்பிக்கொள்ளவும் இல்லை. நானும் அழுதேன். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது.

"அண்ணன் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

பிறகு ஆதம்பாவாவையும் இன்னொருவரையும் கூப்பிட்டார். "நீங்க ரெண்டு பேரும் சாட்சி. நான் என்ட அண்ணனப் பொருந்திட்டன். அவரும் என்னப் பொருந்திக்க வேணும்" என்றார். சாட்சிகள் இரண்டு பேரும் தலையாட்டி 'ஓம்' என்றார்கள்.

நான்கு மணி ஆகப்போகிறது. எட்டு மைல். நான் சைக்கிளைப் பிடித்து ஏறப் போனேன். மத்தியானம் முழுக்க நெல் சுமந்த கால்கள் பெடலில் நிற்கவில்லை, நடுங்கின. சின்னத்தா ஹேண்டில்பாரின் மேல் கை வைத்தார்.

"எறங்கு. பின்னால ஏறு."

ஆதம்பாவா வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார். களத்து ஆட்கள் எல்லாரும் வேலியோரம் வந்து நின்றார்கள். நடை விதானை சைக்கிளில் ஏறுவதை அந்த வட்டையில் யாரும் பார்த்ததில்லை. முதல் பத்து அடி தள்ளாடியது. ஒரு வரம்பில் விழப் பார்த்தோம். "இந்தச் சீட்டு ஏன்டா கோணல்?" என்று கத்தினார். அதற்கப்புறம் அவர் கோணலைக் கவனிக்கவே இல்லை. கச்சான் இப்போது எங்கள் முதுகில் இருந்தது. யானைச் சாணத்தைச் சுற்றி ஹேண்டிலை வளைத்து ஒடித்துக்கொண்டு போனார். ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் மனிதர், சுவாமிமலைக்குப் போகிற பையனைப்போல் எழுந்து நின்று மிதித்தார். என் வயிற்றைப் புரட்டியது. சொன்னால் வேகத்தைக் குறைத்துவிடுவாரோ என்று சொல்லவில்லை.

தபால் கந்தோர்க்காரர் கதவின் ஒரு பாதியைச் சாத்தியிருந்தார். எங்களைக் கண்டு மறுபடி திறந்தார். தந்தியை இங்கிலீஷில்தான் அனுப்ப வேண்டும், தமிழில் சொன்னால் தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லிப் பென்சிலை எடுத்தார்.

"பொருந்திட்டன். கப்பல் ஏறுங்க. கனி" என்றார் சின்னத்தா.

அவர் எழுதினார். "வேற என்ன?"

சின்னத்தா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தார்.

"தந்தி அடிக்க சைக்கிள்லதான் வந்தன் எண்டும் போடுங்க."

"இதென்னத்துக்கு? அவசரச் செய்திக்கு இது தேவையா?"

"போடுங்க தம்பி. அண்ணன் அதத்தான் முதல்ல வாசிப்பார்."